ராசியில்லாத இருபத்தைந்து சட்டைகள்

தையல்காரனுக்கென்று ஒரு வியாதி உண்டு: வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த அளவை மட்டும் அவன் நம்பவே மாட்டான். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பத்து வருஷம் நின்ற எவரும் இதைப் படிக்கும்போதே தலையாட்டுவார். முழங்கால் போய், கண்ணும் மங்கி, "மாஸ்டர், அக்குள் பிடிக்குது" என்ற வசனத்தை ஆயிரம் முறை கேட்ட என் இனத்தாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீழ்புத்துப்பட்டு தாண்டி மரக்காணம் போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தையல் யூனிட்டில் நான் கட்டிங் மாஸ்டர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பன்னிரண்டு மெஷின். முதலாளி ரெஜினா மேடம், பாண்டிச்சேரிக்காரர். தைக்கிற பெண்களில் பாதிப் பேர் அதற்கு முன் உப்பளத்தில் உப்பு வாரியவர்கள். பையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு 2004 முதல் மூன்று வருஷம் ஒரு நாட்டின் ஐஸ் ஹாக்கி அணி வாடிக்கையாக வந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். உலகப் படத்தில் ஊசி குத்தினால் அந்த ஓட்டையில் காணாமல் போய்விடும், அவ்வளவு சின்ன நாடு.

அளவுச் சீட்டு

பெரிய முதலியார்சாவடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த மார்ட்டின் என்ற வெள்ளைக்காரர், கிழிந்த தோள்பை ஒன்றைத் தைக்க எங்களிடம் கொண்டுவந்தார். தைத்துக் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் நாட்டு ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தான்தான் மேனேஜர் என்றும், இருபத்தைந்து சட்டைக்குப் பெரிய கம்பெனி எதுவும் மதித்துப் பதில் போடுவதில்லை என்றும் ரெஜினா மேடத்திடம் சொன்னார். ஆட்டக்காரர்கள் யார் என்று கேட்டோம். கோல் காப்பவர் ஒரு பல் டாக்டர். ஒன்பதாம் நம்பர் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். மற்றவர்களில் தபால்காரர் உண்டு, பள்ளிக்கூட வாத்தியார் உண்டு. வேலை முடிந்து சாயங்காலம் வந்து பனிக்கட்டித் தரையில் ஆடுவார்களாம். எனக்கு அவர்களை உடனே பிடித்துவிட்டது.

ஊருக்குப் போய் அளவுச் சீட்டு அனுப்பினார். பார்த்தேன். மார்பு அறுபது அங்குலம், ஐம்பத்தெட்டு அங்குலம். பெருமுக்கல் மலைக்கே சட்டை தைத்தாலும் அவ்வளவு துணி பிடிக்காது. போட்டோவிலோ எல்லோரும் அளவான உடம்புக்காரர்கள். வெள்ளைக்காரருக்கு டேப் பிடிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, ஒவ்வொரு சட்டையிலும் பதினாறு அங்குலம் குறைத்து வெட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மாஸ்டர் என்ற பேருக்கு என்ன மரியாதை?

அவர்கள் தோளுக்கும் நெஞ்சுக்கும் முழங்கைக்கும் தலையணை மாதிரி கவசம் கட்டிக்கொண்டு, அதற்கு மேல்தான் சட்டை போடுவார்கள் என்பது மார்ட்டினின் ஈமெயில் வந்த பிறகுதான் தெரிந்தது. ரெஜினா மேடம் அதைத் தமிழில் படித்துக் காட்டினார்: "சட்டைகள் மிக அழகாக இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது தயவுசெய்து எங்களுக்கும் தையுங்கள்."

முதுகுக்குள் ஒரு வார்

பன்னிரண்டே நாளில் இருபத்தைந்தையும் புதிதாகத் தைத்தோம். இந்த முறை அளவில் கை வைக்கவில்லை. ஆனால் மார்ட்டின் இப்போது அனுப்பியிருந்த மாதிரிச் சட்டையில் ஒரு விஷயம் உறுத்தியது. முதுகுக்கு உள்ளே, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, விரல் அகலத்தில் ஒரு வார் தொங்கியது. சட்டையை ஆணியில் மாட்டுகிற வார் இங்கே எதற்கு? மாதிரி தைத்தவன் தூங்கி வழிந்திருப்பான் என்று நினைத்து, இருபத்தைந்து வாரையும் எடுத்துக் காலருக்குக் கீழே ஒழுங்காக வைத்துத் தைக்கச் சொன்னேன். தையல் மெஷினில் இருந்த தனலட்சுமி, எங்களுக்குத் தனம், அவள் மட்டும் கேட்டாள், "ஏன் மாஸ்டர், அவங்க ஏதாவது காரணமா வெச்சிருந்தா?" நான் கண்ணாடிக்கு மேலே பார்த்தேன். அவள் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்த வார் காற்சட்டையோடு கட்டுவதற்காம், மார்ட்டினின் அடுத்த ஈமெயிலில் தெரிந்தது. இந்த ஆட்டத்தில் சண்டை கூடாது என்று விதி இருக்கிறதாம், சண்டையும் இருக்கிறதாம். சண்டையில் எதிராளி சட்டையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டால் கண் தெரியாமல் நின்று அடி வாங்க வேண்டும். வார் கட்டியிருந்தால் சட்டை மேலே வராது. மரக்காணம் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த போட்டோவில், தலையே இல்லாமல் ஒன்பது என்ற எண் மட்டும் நின்றுகொண்டிருந்தது. கூடவே ரொட்டிக் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "உங்கள் ஊரில் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சண்டை போடுவீர்களா?"

நான் வெட்கத்தில் துணியை மடிக்க ஆரம்பித்தேன். தனம் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "ஆமான்னு எழுதுங்க மேடம். எங்க ஊர்ல சட்டயக் கழட்டி வெச்சிட்டுத்தான் அடிச்சிக்குவாங்க. சட்ட என்னா பாவம் பண்ணுச்சு?"

ராசி

அந்த வருஷம் அவர்கள் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். சும்மா தோற்கவில்லை, எண்ணிக்கை பார்த்தால் கபடி ஸ்கோர் என்று நினைப்பீர்கள். சில ஆட்டக்காரர்கள் சட்டைக்கு ராசி இல்லை என்று பேசிக்கொள்கிறார்களாம். மார்ட்டின் தமாஷாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் ரெஜினா மேடம் அதைப் படித்ததும் ஷெட்டில் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

காரணம் உண்டு. எங்கள் யூனிட்டில் புது லாட் ஆரம்பித்தால் கற்பூரம் கொளுத்தி, முதல் தையலை ராசியான கையால் போடுவது வழக்கம். அது செல்வியின் கை. கணவன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். தனத்தின் புருஷன் சாலையில் லாரி மோதிச் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கற்பூரம் கொளுத்துகிற நேரத்தில் அவள் எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விடுவாள். போ என்று யாரும் சொன்னதில்லை. இரு என்றும் யாரும் சொன்னதில்லை. சொல்லாதவர்களில் முதல் ஆள் நான்தான். யூனிட்டிலேயே நேரான தையல் அவளுடையது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவள் எழுந்து வந்து கட்டிங் டேபிளில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். முகம் சிவந்திருந்தது. "ராசி இல்லன்னு சொல்றானே, அவன அந்தச் சட்டைய எதிராளிக்குப் போட்டு உட்டு ஆடிப் பாக்கச் சொல்லுங்க மாஸ்டர். அப்பவும் தோத்தான்னா என்னா சொல்லுவான்னு கேக்கறேன்."

கறுப்புப் பட்டை

அந்த வருஷக் கடைசியில் அலை வந்தது. எங்கள் ஷெட் சாலைக்கு மேற்கே இருந்ததால் தப்பியது. குப்பங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பத்து நாள் கழித்து யூனிட்டைத் திறந்தபோது மார்ட்டினிடமிருந்து ஏழு ஈமெயில் வந்து கிடந்தன. அடுத்த வருஷத்துச் சட்டை எப்போது வரும் என்று ஒன்றில்கூடக் கேட்கவில்லை. பெயர் தெரிந்த ஒவ்வொருவரையும் எழுதி, இருக்கிறார்களா, இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். தனத்தின் பெயரும் இருந்தது. ரெஜினா மேடத்தால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

2005-ல் அவர்கள் போட்டிக்குப் போனபோது எடுத்த போட்டோ வந்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். எங்களுக்காக எல்லோர் கையிலும் கறுப்புப் பட்டை, அவர்களே தைத்தது. செல்வி அழுதாள். தனம் போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கோணக்கோணயா தச்சிருக்கானுங்க. எங்கிட்ட கேட்டிருந்தா நான் தச்சி அனுப்பியிருக்க மாட்டனா?"

உப்பு தின்னாத நூல்

2005-லும் தோல்விதான். ஆனால் எனக்கு அதைவிட அவமானம், சட்டைகள் அக்குளில் பிரிந்துவிட்டன. ஒன்றைப் பார்சலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கூடவே கடிதம். பாதி ஆட்டக்காரர்கள் சட்டையை மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். பல் டாக்டர் மட்டும் இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்று பிடிவாதமாக நிற்கிறார். 2006-ல் ஒரு ஆட்டமாவது ஜெயித்தால் உண்டு, இல்லாவிட்டால் இந்தச் சட்டை இனி இல்லை. பனியைக் கண்ணால் பார்க்காத ஊருக்குப் பனி ஆட்டத்துச் சட்டை எதற்கு என்று மெட்ராஸ் ஏஜென்ட் ஒருவர் ஏற்கெனவே எங்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் வாயில் விழ எனக்கு இஷ்டமில்லை.

தனம் பிரிந்த தையலை விரித்துப் பார்த்தாள். துணியில் வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருந்தது. நான் பனிக்கட்டிக் கறை என்றேன். அவள் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். "உப்பு மாஸ்டர். வேர்வ உப்பு. துணி நல்லாருக்குது, நூலத்தான் தின்னுடுச்சு." உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் சட்டையிலும் முதலில் போவது நூல்தானாம். அதனால் அவர்கள் மீனவர்களிடம் வலை பின்னும் நைலான் நூல் வாங்கி, அதைக்கொண்டு தைத்துப் போட்டுக்கொள்வார்களாம். இருபது வருஷம் கத்தரி பிடித்தவனுக்கு இது தெரியவில்லை.

மெல்லிய வலை நூலாக வாங்கி வந்தோம். முதல் நாள் பதினோரு ஊசி உடைந்தது. தடித்த ஊசி போட்டு, மெஷினில் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, ஒரு வழியாக ஒரு சட்டை முடித்தோம். எதிர் உப்பளத்தில் மூட்டை தூக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். வடம் இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். கடைசியில் ஒருவர் சட்டையை விட்டுவிட்டு உள்ளங்கையை ஊதிக்கொண்டார்: "ஏம்பா, இது கிழியாது. இன்னும் இழுத்தா என் கைதான் கிழியும்."

முதல் தையல்

2006 லாட். துணி வெட்டி அடுக்கியாயிற்று. அளவு அப்படியே, வார் இடுப்பில், நூல் வலை நூல். கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு செல்வியின் மெஷினுக்குப் போனேன். தனம் வழக்கம்போலத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போகவில்லை. நேராக வந்து செல்வியின் மெஷின் அருகில் நின்றாள். "இந்த லாட்டுக்கு நான் போடறேன்" என்றாள். கெஞ்சவில்லை. தயவும் கேட்கவில்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாள்.

எனக்கு மனசு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது கடைசி வாய்ப்பு. தோற்றால் இவள் தலையில்தான் விழும், வாழ்நாள் முழுக்க விழும். அவள் நன்மைக்குத்தான் யோசிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உள்ளே பயம்தான் இருந்தது, எல்லோருக்கும் இருக்கிற அதே கேவலமான பயம். ரெஜினா மேடம் என்னைப் பார்த்தார். நான் கற்பூரத்தைப் பார்த்தேன்.

செல்விதான் எழுந்தாள். ஸ்டூலைத் தனத்தின் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்: "ரெண்டு வருஷமா என் கைதான மாஸ்டர் ஆரம்பிச்சிது? எத்தன மேட்ச் ஜெயிச்சானுங்க?"

ஒன்பதாம் நம்பர்

முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. ஒவ்வொரு நாளும் பிரவுசிங் சென்டரிலிருந்து ரெஜினா மேடம் வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவார். யாரும் தனத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டின்போது டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "என் மூஞ்சில ஸ்கோர் எழுதல, தைரியமா பாருங்க" என்றாள். நாலாவது ஆட்டம், கடைசி ஆட்டம், அவர்களை மாதிரியே இன்னொரு குட்டி நாட்டோடு. மூன்றுக்கு இரண்டு. எங்கள் ஆட்கள் மூன்று.

மார்ட்டின் சிடி அனுப்பினார். மதியம் மெஷினை நிறுத்திவிட்டு, ரெஜினா மேடம் வீட்டு டிவியைக் கொண்டுவந்து எல்லோரும் பார்த்தோம். பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கிற அந்தக் கறுப்பு வில்லை எங்கே போகிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நாங்கள் பார்த்தது தையலைத்தான். "அக்குளு நல்லா நிக்குது." "ஏ, அந்தப் பதினாலாம் நம்பர் காலரு என்னுது." பல் டாக்டர் கோலில் விழுந்து எழுந்தபோதெல்லாம், தோள் தைத்த சாந்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்டம் முடிகிற நேரம், இரண்டுக்கு இரண்டு. ரொட்டிக் கடைக்காரர் பந்தை, அதாவது வில்லையைத் தள்ளிக்கொண்டு கோலைப் பார்த்துப் போகிறார். பின்னாலிருந்து ஒரு தடியன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். சட்டை நீண்டது. கிழியவில்லை. வார் கட்டியிருந்ததால் தலைக்கும் ஏறவில்லை. ஒன்பதாம் நம்பர் அந்தத் தடியனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கோல் அடித்தார்.

முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு நாங்கள் போட்ட கூச்சலில் சாலையில் போன ஒரு பஸ்ஸே நின்றது. நான் அழுதேன், மறைக்கவில்லை. சிடியோடு வந்த துண்டுச் சீட்டில் ரொட்டிக் கடைக்காரர் தன் கையால் எழுதியிருந்ததை மேடம் படித்தார்: "இந்த முறை ஆணியில் மாட்டவில்லை."

ராசியான கை

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. இரண்டு வாரம் கழித்து பெருமுக்கல் பக்கத்திலிருந்து விவசாயக் குடும்பம் ஒன்று காரில் வந்து இறங்கியது. மகளுக்குக் கல்யாணம். முகூர்த்த ரவிக்கைக்கு முதல் தையல் தனலட்சுமி கையால்தான் போட வேண்டுமாம். வெளிநாட்டுக்காரனையே ஜெயிக்க வைத்த ராசியான கை என்று பெண்ணின் அம்மா வாய் நிறையச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே முந்திக்கொண்டு, "ஆமாங்க, தங்கக் கைங்க" என்றேன்.

தனம் பட்டுத் துணியை வாங்கி, விரித்து, ஓரம் பார்த்தாள். கோபம் இருந்தது, ஆனால் குரல் உயரவில்லை. "என் கையாலதான் ஜெயிச்சாங்கன்னு இன்னிக்கு நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு எவனாவது தோத்தாலும் என் கைதான்னு வருவீங்கம்மா. ஆடுனது அவங்க, தச்சது நானு, அவ்ளோதான். அளவக் குடுத்துட்டுப் போங்க, அக்குள் பிடிக்காம தச்சித் தரேன்."

மூன்று வருஷம், வருஷத்துக்கு இருபத்தைந்து சட்டை, ஒரே ஒரு வெற்றி என்று போன என் அனுபவத்தில் தேறியது இவ்வளவுதான்: வாடிக்கையாளர் கொடுக்கிற அளவிலும் தனம் கொடுக்கிற பதிலிலும் கத்தரி வைக்கிற வேலையை நான் விட்டுவிட்டேன்.